அரிப்புக்கு வந்த நேரங்கட்டி

அரிப்பு என்கிற எங்கள் கடற்கரை ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டே மாதத்தில் புதுப் பெயர் வந்துவிட்டது. "நேரங்கட்டியடி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ!" என்று கண்டக்டர் கத்துவார், பாதி பஸ் எழும்பும். முசலிப் பக்கத்துச் சனம், நறுவிலிக்குளத்தில் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு அடைக்க மறந்து வந்த சனம், தாராபுரத்திலிருந்து ஒரே ஓட்டோவில் ஏழு பேராய் நசுங்கி வந்த சனம். எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையைக் கண்டு, எதற்கென்று தெரியாமலே பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் சனம் வரிசை என்றால் வாய்க்கரிசிக்கும் நிற்கும்.

அங்கே என்ன கொடுத்தார்கள்? அரிசி இல்லை, சீலை இல்லை, நிவாரணமும் இல்லை. நேரம் கொடுத்தார்கள்!

கடற்கரையில் மீனவர் கைவிட்டுப் போன ஒரு மீன்வாடிக் குடிசை. அதன் கிடுகு ஓலைக்கு மேலே கறுப்புப் படங்குத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே ஒரு பாய் விரித்திருந்தது. வேறொன்றும் கிடையாது. உள்ளே போய் இருட்டில் குந்தியிருந்தால், வெளியே கால் மணித்தியாலம் போவதற்குள் உள்ளே இருக்கிறவருக்கு மூன்று மணித்தியாலம் போய்விடுமாம். கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவன் தினமும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து இருந்துவிட்டுப் போனான். ஒரு மாத லீவை ஒரு வருசமாக்குகிற யோசனை அவனுக்கு. கருவாடு காயவைக்கிற பெண்கள் இடுப்பு நோவோடு போய், ஒரு முழு மத்தியானம் படுத்தெழும்பினது போல முகம் மலர்ந்து வந்தார்கள். அரசாங்கக் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர் பின்னேரத்துத் தேநீர் இடைவேளையை இங்கே கொண்டுவந்து நீட்டிக்கொண்டு போனார். அவருடைய கந்தோரில் அதை முன்பே நீட்டித்தான் வைத்திருந்தார்கள், அது வேறு கதை.

இதையெல்லாம் நடத்தியவர் பெயர் நேரங்கட்டி ஐயா. எந்த ஊர், எந்த வேதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கழுத்தில் சிலுவை, கையில் தஸ்பீஹ் மணிமாலை, நெற்றியில் சந்தனம். யார் வந்தாலும் வெறுங்கையோடு திரும்பாதபடி ஏற்பாடு செய்திருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கரை முழுக்கக் கேட்கும்.

"முத்துக்குளிச்ச காலத்தில கடல்கட்டி எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? என்ர பாட்டன் சுறாவின்ர வாயைக் கட்டினவர்! பூட்டன் புயலைக் கட்டினவர்! நான் நேரத்தைக் கட்டுறன்!"

கடல்கட்டி என்று ஒருவர் அந்தக் காலத்தில் இருந்தது மெய்தான். குளிப்பவர்கள் கடலில் இறங்க, அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுவார். கூலியைச் சிப்பியாக வாங்குவார். சுறா கடிக்காவிட்டால் மந்திரத்தின் சக்தி. கடித்துவிட்டால் குளித்தவன் சுத்தமில்லை. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் சிப்பி அவருக்குத்தான். இப்படியொரு நல்ல தொழிலை இந்த ஊர் இத்தனை வருசம் விட்டுவைத்திருந்ததே பெரிய காரியம்.

நேரங்கட்டியிடம் மூன்று சட்டம் இருந்தது. வந்தவுடன் சிரட்டையில் ஊற்றித் தருகிற சர்பத்தைக் குடிக்க வேண்டும். குடித்த பிறகு பந்தலுக்குக் கீழே இருந்து, முறை வரும்வரை அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வேண்டும். அது ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. வாடிக்குள் போகும்போது கைமணிக்கூட்டைக் கழற்றி அண்டாவில் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். "கட்டின நேரத்துக்குப் பக்கத்தில ஓடுற நேரம் நிண்டால் ரெண்டும் அடிபடும்" என்றார். மணிக்கூடு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

வாடிக்கு அடுத்த வளவு மதலேனாவுடையது. வாசலில் ஒரு பிறிட்ஜ் வைத்து ஐஸ்பழமும் ஐஸ் பைக்கற்றும் விற்கிறவள். முன்பெல்லாம் நாலு ஐஸ்பழம் விற்கவே பொழுது சாயும். நேரங்கட்டி வந்த பிறகு பிறிட்ஜில் ஐஸ் உறைய நேரமில்லை. வாடியை விட்டு வெளியே வருகிற சனம் கண் சிவந்து, நாக்கு வறண்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நேரே அவள் வாசலுக்குத்தான் வரும். ஒரு பெரியவர் ஒரே மூச்சில் ஐந்து ஐஸ்பழத்தைச் சூப்பிவிட்டு, "பிள்ளை, வீட்டில சோறு கிடக்கோ?" என்று கேட்டார்.

மதலேனா போய் நேரங்கட்டியிடமே கேட்டாள். "ஐயா, ஏன் எல்லாருக்கும் இப்பிடிப் பசிக்குது?"

"மூண்டு மணித்தியாலம் ஒண்டும் தின்னாமல் இருந்தால் பசிக்காதோ பிள்ளை? இதுதான் சாட்சி!"

அட, சரிதானே என்று பட்டது அவளுக்கு. நம்பினாளா என்று கேட்டால், நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. தினமும் பிறிட்ஜ் காலியாகிற வீட்டில் சந்தேகம் வந்து குந்துவதற்குக் கதிரை கிடைக்காது.

அவள் புருசன் எட்வேட் சுழியோடி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கிக் கடலட்டை பிடிக்கிற தொழில். றெனால்ட் சம்மாட்டி என்கிற படகு முதலாளியின் படகில் போகிறவன். அந்தத் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கும். மேலே வந்து மணித்தியாலக் கணக்கில் ஆறினால்தான் அது மெல்ல மெல்ல வெளியேறும். ஆறாமல் திரும்ப இறங்கி ஏறினால், உள்ளே நிற்கிற காற்றெல்லாம் குமிழ் குமிழாகி மூட்டிலும் முதுகெலும்பிலும் ஏறி ஆளை மடக்கிப் போட்டுவிடும். அதைத் தெரிந்துகொள்ள அங்கே புத்தகம் தேவையில்லை. ஒழுங்கைக்கு ஒருவர் பொல்லு ஊன்றிக்கொண்டு நடக்கிறார்.

ஆகவே காலையில் ஒரு குளி. கரைக்கு வந்து நீண்ட ஆறுதல். வெயில் சாய்ந்த பிறகு முடிந்தால் இன்னொரு குளி, அவ்வளவுதான்.

றெனால்ட் சம்மாட்டிக்கு அந்த நீண்ட ஆறுதல் எப்போதுமே கண்ணுக்குள் தூசி. ஒரு நாள் அவர் பந்தலில் குந்தியிருந்து வாடியைப் பார்த்தார், பிறகு சுழியோடிகளைப் பார்த்தார், பிறகு எழும்பி நேரங்கட்டியின் காதுக்குள் ஏதோ கதைத்தார். அடுத்த நாளே ஸ்பீக்கரில் புது அறிவித்தல்.

"சுழியோடிப் பிள்ளையளுக்கு விசேசக் கட்டு! காலைக் குளி முடிச்சுத் திரும்பேக்க படகிலேயே சர்பத்தைக் குடியுங்கோ. கரைக்கு வந்து வாடிக்குள்ள கால் மணித்தியாலம் இருங்கோ. உடம்புக்கு மூண்டு மணித்தியால ஆறுதல்! கறுப்புக் கயிறு கட்டிவிடுறன், அப்பிடியே இறங்குங்கோ!"

சனம் கைதட்டியது. இப்படியொரு மருந்துக்கு இவ்வளவு காலமும் ஒருவருக்கும் புத்தி போகவில்லையே என்று ஆச்சரியப்பட்டது.

முதலில் கயிறு கட்டியவன் றமீஸ். சிலாவத்துறைப் பெடியன், எட்வேட்டோடு ஒரே படகில் போகிறவன், கலியாணத்துக்கு நாள் குறித்திருந்தவன். காலையில் குளித்தான், வாடிக்குள் இருந்தான், சிரித்துக்கொண்டு வந்தான். "எட்வேட் அண்ணை, ஒரு முழு நித்திரை கொண்ட மாதிரிக் கிடக்கு!" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அட்டை இரட்டிப்பு. சம்மாட்டி அவனைத் தோளில் தட்டினார், எட்வேட் கைதட்டினான், கரையில் நின்ற எல்லாரும் கைதட்டினார்கள். சில நாள் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் இரண்டாம் குளி முடித்து மேலே வந்தவன், படகில் ஏறி நின்று, "கால் எங்க?" என்று கேட்டான். கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

அவனை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பின்னேரம் நேரங்கட்டி ஸ்பீக்கரில் அழுத்தமாகச் சொன்னார்: "அவன் காற்சட்டைப் பையில மணிக்கூட்டை ஒளிச்சு வைச்சுக்கொண்டு உள்ள வந்தவன். கட்டு அறுந்திட்டுது."

றமீஸிடம் இருந்தது ஒரேயொரு மணிக்கூடு. அதை முதல் நாளே அண்டாவில் போட்டுவிட்டான். போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அந்த இருபது பேரும் இப்போது, "ஓம் ஓம், ஒளிச்சுத்தான் இருப்பான்" என்று தலையாட்டினார்கள்.

அன்று இராச் சாப்பாட்டில் எட்வேட் சொன்னான்: "நாளையிண்டைக்கு நான் கயிறு கட்டுறன்."

மதலேனாவின் கையில் இருந்த அகப்பை பானைக்குள் விழுந்துவிட்டது. "உங்களுக்குப் பைத்தியமோ? றமீஸ் கால் வழங்காமல், அசைக்க ஏலாமல் கிடக்கிறான்!"

"அவன் பிழை விட்டவன். நான் விடமாட்டன்."

"என்ன பிழை விட்டவன்? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கத்தானே மணிக்கூட்டைக் கழட்டிப் போட்டவன்?"

"நான் உள்ள இருந்து பாத்தனான், மதலேன்." எட்வேட் கோபப்படவில்லை, அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. "ஒருத்தர் சொல்லிக் கேட்ட கதையில்லை. நானே இருந்து பாத்தது. மூண்டு மணித்தியாலம் எண்டால் மூண்டு மணித்தியாலந்தான். வெளிய வந்தால் கால் மணித்தியாலந்தான் போயிருக்கு. நான் கண்டதை நான் எப்பிடி இல்லை எண்டுறது?"

எட்வேட் பொய் சொல்கிற ஆளில்லை, அது அவளுக்குத் தெரியும். இந்த மனுசன் உண்மையைச் சொல்லிக்கொண்டே சாகப் போகிறானே என்று நினைத்தவள், சோற்றை மூடிவைத்துவிட்டு எழும்பினாள்.

மறுநாள் ஆசுபத்திரிக்குப் போனாள். றமீஸின் மூக்கில் ஒக்சிசன் மாட்டியிருந்தது. குமிழைக் கரைக்கிற காற்றழுத்த அறை இருக்கிற தூரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வண்டி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அவனுடைய உம்மா, உம்மு ஸல்மா, மகனின் பாதத்தைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார். "தெரியுதோ மவன்? இப்ப தெரியுதோ?" அவன் தெரியவில்லை என்று தலையாட்டினான்.

வார்ட்டுக்குப் பொறுப்பாக நின்றவர் டொக்டர் சுவேதினி. மதலேனா அவரிடம் வாடி, சர்பத், மூன்று மணித்தியாலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"சர்பத்தோ? அப்ப சரி," என்றார் டொக்டர். "இந்தப் பெடியன்ர சிறுநீரில கஞ்சா இருக்கு. அவன் தான் வாயிலயும் வைச்சதில்லை எண்டு அழுகிறான். சிரட்டையில குடிச்சிருக்கிறான், பாவம். பொலிசுக்கு அறிவிச்சிருக்கு."

"கஞ்சா குடிச்சால் நேரம் நீளுமோ, டொக்டர்?"

"நேரம் நீளாது அக்கா. நீளுற மாதிரி இருக்கும்." டொக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "நேரம் எவ்வளவு போனது எண்டு மூளை தானாத்தான் ஒரு கணக்குப் போடுது. டோபமின் எண்டு ஒரு சாமான் மூளைக்குள்ள ஊறும். அது கூடிக் குறைய அந்தக் கணக்கும் கூடிக் குறையும். பயந்தால், காய்ச்சல் வந்தால், சந்தோசம் வந்தால் எல்லாம் மாறும். நடுக்க வாதக்காரருக்கு அந்தச் சாமான் குறைவு. சிலர் அரை மணித்தியாலம் போனதை இப்பத்தான் எண்டு சொல்லுவினம். கஞ்சா உள்ள போனால் அதே கணக்குத் தாறுமாறா ஓடும். கொஞ்ச நேரத்தை நிறைய நேரம் எண்டு காட்டும். நாக்கு வறளும், கண் சிவக்கும், பசிக்கும்."

"பசிக்கும்!" என்றாள் மதலேனா. அவளுக்குத் தன் பிறிட்ஜ் நினைவுக்கு வந்தது. முகம் சுருங்கியது.

"ஆனால் ஏன் நேரங்கட்டி குடிக்கத் தந்து ஒரு மணித்தியாலம் பந்தலில இருத்துறவர்?"

"வயித்துக்குள்ள போனது தலைக்கு ஏற அவ்வளவு வேணும். பிரசங்கம் அதுக்குத்தான்."

"என்ர மனுசன் தான் இருந்து பாத்தனான் எண்டு நிக்கிறார், டொக்டர்."

"அவர் சொல்லுறது பொய்யில்லை. அவருக்கு அப்பிடித்தான் இருந்திருக்கும். அவற்ர தலைக்கு மூண்டு மணித்தியாலம். அவற்ர இரத்தத்துக்குக் கால் மணித்தியாலம். குமிழ் நிக்கிறது இரத்தத்தில."

மதலேனா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒன்றும் விடாமல் எட்வேட்டுக்குச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "டொக்டர் உள்ள இருந்து பாத்தவவோ?" என்றான். அதற்கு மேல் என்ன கதைப்பது? கண்ணால் கண்டவனோடு வாதாடலாம். தலைக்குள்ளே கண்டவனோடு யார் வாதாடுவது? அன்றிரவு அவள் மாதாவிடம் அழுதாள், எட்வேட்டின் செருப்பை ஒளித்து வைத்தாள், பிறகு செருப்பில்லாமலும் கடலில் இறங்கலாம் என்று விளங்கி அதைத் திரும்ப எடுத்து வைத்தாள். விடியும்போது பிறிட்ஜைத் திறந்தவள், ஒரே அளவாய் இரண்டு ஐஸ் பைக்கற்றைத் தேடி ஒதுக்கி வைத்தாள்.

அன்று காலைக் குளி முடிந்தது. எட்வேட் சர்பத் போத்திலைப் படகிலேயே காலி செய்துவிட்டுக் கண் சிவக்கக் கரையிறங்கினான். பந்தல் நிறைந்த சனம். றமீஸ் விழுந்த பிறகு கூட்டம் குறையும் என்று நினைத்தீர்களா? கூடியிருந்தது! கட்டு அறுந்தால் கால் வழங்காது என்றால், கட்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று சனம் கணக்குப் போட்டது. றெனால்ட் சம்மாட்டி முன் கதிரையில் இருந்தார். இரண்டாம் குளிக்குச் சிலிண்டர் நிரப்பித் தயாராக நின்றது.

மதலேனா இரண்டு பீரிசுத் தட்டோடு வந்தாள். ஒவ்வொன்றிலும் பைக்கற்றை உரித்த ஐஸ், கைக்கு அடக்கமாக, இரண்டும் ஒரே அளவு.

"ஐயா, ஒரு சின்னக் கேள்வி," என்றாள்.

"கேளும் பிள்ளை."

"உள்ள போனால் மூண்டு மணித்தியாலம் ஓடும். அப்பிடித்தானே?"

"ஓடும்! என்ர பாட்டன் கட்டின சுறாவின்ர மேல சத்தியம்!"

"இந்த வெக்கையில இந்த ஐஸ் மூண்டு மணித்தியாலம் நிக்குமோ?"

"இதென்ன கேள்வி? கரைஞ்சு தண்ணியாப் போகும்," என்று பந்தலில் இருந்தே நாலு பேர் பதில் சொன்னார்கள். மீன்பிடிக்கிற ஊரில் ஐஸைப் பற்றி யாருக்கும் யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

"அப்ப ஒண்டை என்ர மனுசன் உள்ள கொண்டுபோகட்டும். மற்றது இஞ்ச நிழலில, எல்லாற்ர கண்ணுக்கும் முன்னால இருக்கட்டும். உள்ள போனது தண்ணியா வந்தால் நானே என்ர கையால அவருக்குக் கயிறு கட்டிவிடுறன். ஐஸாவே வந்தால் அவர் இண்டைக்கு இறங்கேலாது. என்னப்பா, சரியோ?"

"சரி," என்றான் எட்வேட். அவனுக்குச் சந்தேகமே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்.

நேரங்கட்டிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "குளிர்ந்த பொருள் உள்ள போனால் கட்டுக்கு ஆகாது பிள்ளை."

"முந்தநாள் என்னட்டை ஐஸ்பழம் வாங்கி உள்ள குந்தியிருந்துதானே சூப்பினீங்கள்?"

சனம் சிரித்தது. தாராபுரத்திலிருந்து வந்த சாஹுல் ஹமீட் ஹாஜியார், வாரம் தவறாமல் வருகிற பக்தர், எழும்பினார். "ஏன் ஐயா யோசிக்கிறீங்கள்? கொண்டுபோகட்டும். இவைக்கும் உங்கட சக்தி விளங்கட்டும்!" பந்தல் முழுக்க ஆமோதித்தது. பாருங்கள், பக்தி இருக்கிறதே, அது சிலவேளை சாமியாரையும் பிடித்துத் தள்ளிவிடும்.

எட்வேட் பீரிசோடு உள்ளே போனான். படங்கு மூடியது. மற்றப் பீரிசு பந்தலில் ஒரு கதிரையில் இருந்தது. அத்தனை சனமும் ஒரு துண்டு ஐஸைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தது. மதலேனாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது செபம். நேரங்கட்டியின் உதடும் அசைந்தது. அது என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

கால் மணித்தியாலத்தில் படங்கு விலகியது. எட்வேட் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தான். "மூண்டில்லை, நாலு மணித்தியாலம் இருக்கும்! என்ன ஆறுதல்! நேர இறங்கலாம்!"

"கையைப் பாருங்கோ," என்றாள் மதலேனா.

அவன் பார்த்தான். பீரிசில் ஐஸ் இருந்தது. ஓரம் கொஞ்சம் கரைந்து, சுற்றிவரச் சிறிது தண்ணீர். அவள் கதிரையில் இருந்ததைத் தூக்கி அவனுடையதற்குப் பக்கத்தில் பிடித்தாள். எது உள்ளே போனது, எது வெளியே இருந்தது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. இரட்டைப் பிள்ளைகள்.

"கரையவேயில்லையே!" என்றாள் கருவாட்டுக்காரப் பெண் ஒருத்தி.

நேரங்கட்டி கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். "ஐஸுக்கு ஆத்துமா இருக்கோ? இல்லை! என்ர கட்டு ஆத்துமாவுக்கு! சடப்பொருளுக்கில்லை!"

"ஆ!" என்று சனம் மூச்சை விட்டது. எவ்வளவு ஆழமான பதில்! ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். சம்மாட்டி சிலிண்டரைத் தூக்கச் சொல்லிக் கண்காட்டினார்.

"நல்லது ஐயா," என்றாள் மதலேனா. "ஆத்துமாவுக்கு மூண்டு மணித்தியாலம். ஐஸுக்குக் கால் மணித்தியாலம். அப்ப என்ர மனுசன்ர இரத்தத்துக்கு எவ்வளவு?"

நேரங்கட்டி தஸ்பீஹை வேகமாக உருட்டத் தொடங்கினார்.

"இரத்தத்துக்குள்ள நிக்கிற காத்துக்கு ஆத்துமா இருக்கோ ஐயா? நீங்கள் ஸ்பீக்கரில சொன்ன உடன அது மூண்டு மணித்தியாலம் போட்டுது எண்டு நம்பி எழும்பிப் போயிடுமோ? இல்லாட்டி இந்த ஐஸ் மாதிரி அங்கயே குந்தியிருக்குமோ? சொல்லுங்கோ! இவர் இண்டைக்கு அதோடதான் இறங்கப் போறார்!"

பந்தலின் பின்பக்கத்தில் பொல்லு ஊன்றி நின்ற முன்னாள் சுழியோடி ஒருவர், பொல்லைத் தரையில் ஓங்கி இடித்தார். "அடேய், பிள்ளை சரியாத்தானடா கேக்குது!" சுழியோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இது ஆத்துமாவின் கதையில்லை, தங்கள் முதுகெலும்பின் கதை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. எட்வேட் பீரிசைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு காலையும் பார்த்தான். "றமீஸ்..." என்று தொடங்கியவன் முடிக்காமல் மணலில் குந்திவிட்டான். மதலேனா ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள்.

றெனால்ட் சம்மாட்டியின் கதிரை எப்போது காலியானது என்று யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப எங்களுக்கு எப்பிடி மூண்டு மணித்தியாலம் மாதிரி இருந்தது?" என்று கேட்டார் கந்தோர் எழுதுவினைஞர்.

"வாடிக்குள்ள ஒண்டுமில்லை ஐயா, வெறும் பாய்," என்றாள் மதலேனா. "எல்லாம் சிரட்டைக்குள்ளதான். கஞ்சா! தலைக்குள்ள இருக்கிற கணக்கைக் குழப்பிவிடும் எண்டு டொக்டர் சொன்னவ. றமீஸின்ர சிறுநீரில பிடிபட்டிருக்கு."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" ஹாஜியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். "என்னத்தையடா எங்களுக்குக் குடிக்கத் தந்தாய்?"

மாதா கோயில் பங்குச் சபைக்காரர் ஒருவர் தலையில் கையை வைத்தார். "நான் இதைக் குடிச்சிட்டு நேர பூசைக்குப் போனனானே! அண்டைக்குச் சாமியின்ர பிரசங்கம் முடியவே முடியாது எண்டு நினைச்சன்!"

"அது சிரட்டை இல்லாமலும் அப்பிடித்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப நீர் ஒரு சிரட்டை குடியும் பாப்பம்," என்று ஹாஜியார் நேரங்கட்டியைப் பிடித்துக்கொண்டார். "நான் இண்டைக்கு விரதம்," என்றார் அவர். மூன்று வேதத்துக்கும் பொதுவான விரதம் போலிருக்கிறது. நேற்றுவரை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட கைகளே இன்று அவரைப் பிடித்து இருத்தின. இரண்டு சிரட்டை உள்ளே போனது. இதுவும் ஒரு அழகான காரியமில்லைதான். ஆனால் ஏமாந்த சனத்திடம் அழகை எதிர்பார்க்கக் கூடாது.

பொலிஸ் ஆடி அசைந்து ஆறுதலாக வந்தது. சர்பத்துக்கு வேலை செய்ய அது போதுமாக இருந்தது. நேரங்கட்டியின் சொந்தப் பெயர் மில்ரன் என்றும், வேறொரு ஊரில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவர் என்றும், அவர் பாட்டன் ஒரு சுறாவையும் கட்டியதில்லை, கருவாட்டுச் சுறாவைக் கயிற்றால் கட்டித் தூக்கியதோடு சரி என்றும் பிறகு தெரியவந்தது. ஜீப்பில் ஏற்றி இருத்தியபோது அவர் சிவந்த கண்ணால் பக்கத்தில் இருந்த பொலிஸ்காரரைப் பார்த்து, "ஐயா, இன்னும் நீதிமன்றம் வரேல்லையோ? விடியப் போகுது," என்றார்.

"ஜீப் இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லை," என்றார் பொலிஸ்காரர்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தாங்கள் அவரிலும் பார்க்கப் புத்திசாலிகள் என்று அந்த நிமிசத்தில் அத்தனை பேருக்கும் ஒரு நிச்சயம்.

றமீஸ் பல கிழமை கழித்து வீட்டுக்கு வந்தான். இடது கால் திரும்பி வந்தது. வலது கால் வரவில்லை. பெண் வீட்டார் குறித்த நாளைத் தள்ளி வைத்தார்கள், பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்கள். எட்வேட்டும் மதலேனாவும் அவனைப் பார்க்கப் போனார்கள். வீட்டில் வேறு சனமும் இருந்தது.

எட்வேட் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது. "உனக்குக் கைதட்டினதில நானும் ஒருத்தன்ரா, றமீஸ்," என்றான்.

"நானும் அவற்ர அறிவித்தலுக்குத் தட்டினனான் அண்ணை," என்றான் றமீஸ். "மற்றவையளிலும் பாக்கக் கூட."

வந்திருந்தவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார். "என்ன செய்யிறது? அவன்ர விதி அப்பிடி." மற்றவர்கள் தலையாட்டினார்கள். பந்தலில் தலையாட்டிய அதே தலைகள்.

உம்மு ஸல்மா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தார். "விதியோ? விதி என்ர மவனுக்குச் சிரட்டை நீட்டேல்லை. மனிசன்தான் நீட்டினவன். விதி கைதட்டேல்லை. நீங்கள்தான் தட்டினீங்கள். ஒரு ஆள், ஒரேயொரு ஆள், 'இதென்னண்டு ஏலும்?' எண்டு அண்டைக்கே கேட்டிருந்தால் இவன் இண்டைக்கு நடந்திருப்பான்."

வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். போகிற வழியிலேயே, வங்காலைப் பக்கம் யாரோ ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்துக் கால் வழங்கப் பண்ணுகிறாராம் என்று ஒருவர் சொல்ல, எத்தனை மணிக்கு வரிசை தொடங்கும் என்று மற்றவர் கேட்டார்.

போங்கள், நல்லாய்ப் போய் நில்லுங்கள். ஆனால் கையைத் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வாயைத் திறந்து 'எப்படி?' என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள். கேள்வி கேட்டால் சாமி கோபிக்கும் என்பார்கள். கோபித்தால் கோபிக்கட்டும், நடக்கப் போவது உங்கள் காலால்.